வேண்டாம் என்று ஓடியவர்! வேலூர் டாக்டர் ஐடா அம்மையாரின் கதை

காட்பாடி ஜங்ஷனில் வடக்கேயிருந்து ரெயில் வந்து நின்றால், ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

நடக்க முடியாத கிழவரை மகன் தாங்கிப் பிடித்து இறக்குவான். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் இறங்குவாள். மூட்டை முடிச்சுகளும் கூடவே இறங்கும். வங்காளத்துக்காரர்கள் உண்டு. அஸ்ஸாம், பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து ஜனங்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போகவேண்டிய இடத்தின் பெயர் தெரியும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குள் நுழைவார்கள். ஐடா ஸ்கடர் சாலையில் போய் நிற்பார்கள். அங்கேதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சி.எம்.சி. என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தச் சாலைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் யார்? அவர் ஒரு பெண்மணி. இந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்தவர்.

அதிசயம் என்னவென்றால், இந்த நாட்டில் இருக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரேதான்!

நாம் ஒன்று நினைத்தால் தெய்வம் வேறொன்று நினைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் இதைத் தேவசித்தம் என்பார்கள். கடவுளின் விருப்பம் என்று பொருள். தன் விருப்பத்தை விட்டுவிட்டுக் கடவுளின் விருப்பத்துக்குக் கீழ்ப்படிவதுதான் அவர்கள் மார்க்கத்தின் சாரம். சொல்வது சுலபம். செய்வது சுலபமா?

ஐடா அம்மையாரின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது அவர் இளம் பெண். அந்தக் கதை பலருக்குத் தெரியும். இரண்டாம் முறை வந்தபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இரண்டில் அதுதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டனார் படித்த புத்தகம்

ஸ்கடர் குடும்பம் அமெரிக்கக் குடும்பம். ஐடாவின் பாட்டனார் பெயர் ஜான் ஸ்கடர். நியூயார்க் நகரத்தில் டாக்டராக இருந்தார். நல்ல பெயர், நல்ல வருமானம். ஒருநாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு சிறு புத்தகம் அவர் கண்ணில் பட்டது. தூர தேசங்களுக்கு ஊழியம் செய்யப் போக ஆட்கள் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்தவருக்கு அதன்பின் மனம் நிலைகொள்ளவில்லை. 1819-ல் மனைவியுடன் கப்பல் ஏறினார். முதலில் இலங்கையில் யாழ்ப்பாணம். பிறகு சென்னை. கீழ்த்திசை நாடுகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி அவர்தான்.

அவருடைய பிள்ளைகளும் இங்கேயே ஊழியத்துக்கு வந்தார்கள். 1853-ல் ஆற்காடு மிஷன் என்ற அமைப்பை அவர்கள் தொடங்கினார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கும் ஜான் என்றே பெயர். அவரும் டாக்டர். அவருடைய மனைவி சோபியா. இவர்களுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். கடைசியாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1870 டிசம்பர் 9-ந் தேதி, ராணிப்பேட்டையில். அந்தக் குழந்தைதான் ஐடா.

வீட்டுக்கு ஒரே பெண். செல்லத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் செல்லக் குழந்தையின் கண்கள் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டன.

அதுதான் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்து ஆட்டிய பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் பாட்டிமார்கள் வெகு காலம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். மிஷன் பங்களா வாசலில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் வந்து விழுந்தன. ரொட்டியைக் கையில் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோகவும் அவற்றுக்குத் தெம்பு இல்லை. ஆறு ஏழு வயதுச் சிறுமி ஐடா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து அந்த வாய்களில் வைத்தாள்.

அதை அவள் மறக்கவே இல்லை. இந்தியா என்றால் அவளுக்கு அந்த வாய்கள்தான் நினைவுக்கு வரும்.

பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. சில ஆண்டுகள் கழித்துத் தந்தை மீண்டும் இந்தியா வந்தார். தாயாரும் கிளம்பினார். ஐடாவைச் சிகாகோ நகரத்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். தாயாரை வழியனுப்பிய அன்று இரவு அந்தப் பெண் தாயின் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஞ்சம் ஒரு பக்கம், பிரிவு ஒரு பக்கம். இந்தியாதான் தன் தாயைப் பறித்துக்கொண்டது என்று அவள் மனசில் பதிந்துவிட்டது. ஸ்கடர் குடும்பத்தில் எல்லோரும் மிஷனரி ஆகட்டும், நான் மட்டும் ஆகமாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டாள். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊர்ப் பள்ளியில் படித்தாள். தோழிகள், சிரிப்பு, விளையாட்டு. அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

இது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய ஆசைதானே?

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-ல் ஒரு செய்தி வந்தது. திண்டிவனத்தில் இருந்த தாயாருக்கு உடம்பு சரியில்லை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐடா கப்பல் ஏறினார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பது ஏற்பாடு.

அந்த நாட்களில் ஒருநாள் இரவு. பங்களாவில் விளக்கு வெளிச்சத்தில் ஐடா உட்கார்ந்திருந்தார். வாசலில் காலடி ஓசை கேட்டது. ஒரு பிராமண வாலிபர் நின்றார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். அவளே ஒரு சிறுமி. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தந்தைதான் டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. வாலிபர் பின்வாங்கினார். அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஐடா திகைத்து நின்றார். சிறிது நேரம் கழித்து மீண்டும் காலடி ஓசை. மனம் மாறி வந்துவிட்டார் என்று எண்ணி ஓடினார். வந்தவர் வேறொருவர். ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் பிரசவம். அதே கேள்வி, அதே பதில். கோஷா முறையில் இருக்கும் பெண்ணை வேற்று ஆண் பார்க்கக் கூடாது. அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். உயர்ந்த சாதி இந்து. அவர் மனைவிக்கும் பிரசவம். அவரும் ஆண் டாக்டரை ஏற்கவில்லை.

ஒரே இரவில் மூன்று பேர். மூன்று வீடுகள்.

அந்தக் காலத்தை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். உடம்பு முதிரும் முன்பே பிரசவம். குழந்தை குறுக்கே சிக்கிக்கொண்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். சென்னைப் பட்டணத்தில் பெண்களுக்கென்று கோஷா ஆஸ்பத்திரி 1885-லேயே வந்துவிட்டது. ஆனால் திண்டிவனத்துப் பெண் வலி கண்ட பிறகு சென்னைக்கு எப்படிப் போவாள்? கைக்கு எட்டும் தூரத்தில் டாக்டர் இருந்தார். மருந்து இருந்தது. ஒரு பெண் டாக்டர் மட்டும் இல்லை.

ஐடா அன்று தூங்கவில்லை. தான் விரும்பிய வாழ்க்கை ஒரு பக்கம் நின்றது. அந்த மூன்று பெண்கள் மறு பக்கம் நின்றார்கள். விடிய விடிய ஜெபித்தார். கடவுள் தன்னை எதற்கோ அழைக்கிறார் என்று தோன்றியது. அந்த அழைப்பு பிடிக்கவும் இல்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். பெற்றோரிடம் போய், அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படிக்கப் போவதாகவும், படித்து முடித்ததும் இந்தியப் பெண்களுக்கு வைத்தியம் செய்யத் திரும்பி வருவதாகவும் சொன்னார்.

வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. கனவில் தேவதூதன் வரவில்லை. வாசல் கதவு தட்டப்பட்டது, அவ்வளவுதான். அதையே ஐடா கடவுளின் குரல் என்று எடுத்துக்கொண்டார்.

பத்தாயிரம் டாலர்

1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் கதவு திறந்தது. கடைசி ஆண்டுப் படிப்பை அங்கே முடித்தார். 1899-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

புறப்படச் சில நாட்களே இருந்தன. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட எட்டாயிரம் டாலர் வேண்டும், திரட்டிக்கொண்டு போகலாம் என்று மிஷன் கேட்டது. ஐடா வீடு வீடாக ஏறி இறங்கினார். பெரிதாக ஒன்றும் சேரவில்லை. ஒரு சீமாட்டியின் வீட்டில் அமர்ந்து, திண்டிவனத்து இரவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் ஒரு வயதான பாங்கிக்காரர் இருந்தார். அவர் பெயர் ஷெல். மனைவியை இழந்தவர். சிக்கனத்துக்குப் பேர் போனவர். பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்தது. பிறகு ஐடாவை வரவழைத்துத் துருவித் துருவிக் கேள்வி கேட்டார். முடிவில் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்! காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரால் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்பது அவருடைய எண்ணம். அதுவும் நடக்கவில்லை. சில மாதங்களிலேயே தந்தை இறந்துவிட்டார். புது ஊர், புது டாக்டர், துணைக்கு இன்னொரு டாக்டர் கிடையாது.

வேலூர் பங்களாவில் ஒரு சிறிய அறைதான் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு கட்டில். முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பெண்பிள்ளை வைத்தியம் பார்ப்பதாவது என்று எண்ணியிருக்கலாம். பிறகு ஒருவர் வந்தார். இருவர் வந்தார்கள். அப்புறம் கூட்டம் அடங்கவில்லை. சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். மருந்து கலக்க, கட்டுப் போட, அறுவை சிகிச்சையின்போது பக்கத்தில் நிற்க எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள்தான். முதல் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளை ஐடா பார்த்தார் என்பது கணக்கு.

1902-ல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பின்னாளில் அதுவே ஷெல் கண் ஆஸ்பத்திரி ஆயிற்று.

மரத்தடி ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களைத் தேடி ஐடா போனார். முதலில் மாட்டு வண்டியில். 1909-ல் ஒரு சின்ன மோட்டார் கார் வந்து சேர்ந்தது. பியூஜோ என்ற பிரெஞ்சு வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வரும் வண்டியைக் கண்டு கிராமத்து ஜனங்கள் மிரண்டு வயலுக்குள் ஓடினார்கள். அதற்குள்ளே டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள்.

வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலை. குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். விடியும் முன்பே ஜனங்கள் காத்திருப்பார்கள். கண் நோய், சிரங்கு, புண், காய்ச்சல், தொழுநோய். மரத்தடியிலேயே மருந்து, மரத்தடியிலேயே கட்டு.

பாலாற்றங்கரை தோல் தொழிலுக்குப் பேர் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே நிறைய. அக்காலத்தில் அந்த வீட்டுப் பெண்கள் வேற்று ஆண் முகம் பாராதவர்கள். அவர்களுக்கும் சரி, அக்கிரகாரத்துப் பெண்களுக்கும் சரி, கை நாடியைப் பிடித்துப் பார்க்க ஒரு பெண் டாக்டர் கிடைத்தது பெரிய காரியம்.

ஒரு ஐடா போதுமா? போதாது. 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிறகு டாக்டர்களையே உண்டாக்க வேண்டும் என்று புறப்பட்டார். நம் நாட்டுப் பெண்களே டாக்டர் ஆகவேண்டும் என்பது அவருடைய கனவு. சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவருக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்களாவது மனுப் போடுவார்களா என்பதே சந்தேகம் என்றார். வந்த மனுக்கள் 151!

1918 ஆகஸ்டு 12-ந் தேதி பெண்கள் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. எல்.எம்.பி. என்ற படிப்பு. முதல் ஆண்டுத் தேர்வில் மாகாணம் முழுவதும் ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் தவறிவிட்டார்கள். தேர்வு எழுதிய வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 1922-ல் பதினான்கு பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

1932-ல் பாகாயத்தில் கல்லூரிக்கு அழகான கட்டடங்கள் எழுந்தன. குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த இடம். கனவு நிறைவேறிவிட்டது. ஐடாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாம் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது தட்டல்

1938-ல் இடி விழுந்தது. இனி எல்.எம்.பி. படிப்பு கிடையாது, எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று சென்னை மாகாண சர்க்கார் முடிவு செய்தது. டாக்டர்களின் தரம் உயர வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். நடத்த வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு இன்னும் பெரிய ஆஸ்பத்திரி, இன்னும் நிறைய படுக்கைகள், உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். அத்தனைக்கும் பணம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டும். இருபது ஆண்டு உழைப்பு!

அப்போது ஒரு வழி தென்பட்டது. இந்தியாவில் ஊழியம் செய்த பல சபைகள் ஒன்றுகூடி ஒரே ஒரு பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தலாம் என்று எண்ணின. வேலூரையே அந்தக் கல்லூரியாக உயர்த்தலாம். எல்லோரும் பணம் தருவார்கள், ஆள் தருவார்கள். ஒரே நிபந்தனை. பெண்களோடு ஆண்களும் படிக்க வேண்டும்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆண்கள் படித்தால் என்ன என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். ஐடாவின் இடத்தில் இருந்து பாருங்கள். திண்டிவனத்து இரவில் அவர் கேட்ட அழைப்பு என்ன? பெண்களுக்காக, பெண் டாக்டர்கள். நாற்பது ஆண்டு அதே வேலை. கல்லூரியின் ஒவ்வொரு செங்கல்லும் பெண்களுக்கென்று கேட்டு வாங்கிய காசில் வைத்தது. அமெரிக்கச் சபைகளில் ஏழை எளிய பெண்கள் சிறுகச் சேர்த்து அனுப்பிய காசு அதில் உண்டு. ஆண்களை உள்ளே விட்டால் நாளடைவில் பெண்களுக்கு இடம் இல்லாமல் போகுமோ என்ற பயமும் நியாயமானதுதான். ஐடாவுக்கே முதலில் இந்த யோசனை பிடிக்கவில்லை.

முதல் தடவை கடவுள் கேட்டது, அவர் தமக்கென்று வைத்திருந்த ஆசையை. இந்தத் தடவை கேட்டது, கடவுளுக்கென்று கட்டியதையே. எது அதிகக் கஷ்டம்? சொந்தச் சுகத்தை விட்டுக்கொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறோம். தாம் செய்த நல்ல காரியத்தின் மேல் வைத்த பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. லூசி பீபாடி என்ற அம்மையார் அமெரிக்காவில் இருந்தார். ஆசியாவில் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920-களில் முப்பது லட்சம் டாலர் திரட்டிய பெரிய இயக்கத்துக்குத் தலைமை வகித்தவர். அந்தப் பணத்தில் வேலூருக்கும் பங்கு கிடைத்தது. ஐடாவின் நெருங்கிய தோழி. அவர் இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று கொடுத்த பணத்தை வேறு விதமாகச் செலவிடுவது, கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது அவருடைய வாதம்.

அவரும் ஜெபம் செய்கிறவர்தான். அவரும் கடவுளின் சித்தத்தையே தேடியவர்தான். ஐடாவும் அதே கடவுளிடம்தான் கேட்டார். இரண்டு நல்லவர்கள் ஒரே கடவுளிடம் கேட்டு, இரண்டு விதமான முடிவுக்கு வந்தார்கள். மற்றவர் பொய் சொல்கிறார் என்று நாம் எண்ண இடமில்லை. தேவசித்தம் என்று பேசுகிறவர்கள் இந்தச் சங்கடத்தை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

ஐடா எப்படி முடிவு செய்தார்? இங்கேயும் குரல் எதுவும் கேட்கவில்லை. கண்முன் இருந்த நிலைமையைப் பார்த்தார். தனியாக நின்றால் கல்லூரி மூடப்படும். மூடினால் பெண் டாக்டர்களும் இல்லை. சேர்ந்தால் பெண்களும் படிப்பார்கள், ஆண்களும் படிப்பார்கள். தம் கனவு வேறு, கடவுளின் வேலை வேறு என்று பிரித்துப் பார்க்கத் துணிந்தார். கடைசியில் சேர்வது என்ற பக்கமே நின்றார். தோழியின் நட்பு முறிந்தது. அந்தக் காயம் சிறியது அல்ல.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1941-ல் எழுபது வயது அம்மையார் அமெரிக்கா போனார். ஊர் ஊராகச் சென்றார். சபை சபையாகப் பேசினார். பணம் கேட்டார். எந்தத் திட்டத்தை முதலில் விரும்பவில்லையோ, அதே திட்டத்துக்காகக் கையேந்தினார்!

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புகளுக்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி கிடைத்தது. முதலில் பெண்கள் சேர்ந்தார்கள். 1947-ல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், மாணவர்களும் உள்ளே வந்தார்கள். கல்லூரியின் தலைமைப் பொறுப்பு அடுத்த சில ஆண்டுகளில் டாக்டர் ஹில்டா லாசரஸ் கைக்கு வந்தது. விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அவரும் ஒரு பெண்மணி!

ஆண்கள் வந்தால் பெண்களுக்கு இடமிருக்காது என்ற பயமும் பலிக்கவில்லை. வேலூரில் பெண்கள் படிப்பது நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரி மளமளவென்று வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். கை வேலை செய்து பிழைக்க முடியாதவர்கள் மீண்டும் உழைக்கலாயினர். மூளை, இருதயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவுகள் ஏற்பட்டன. அவற்றைத் தேடித்தான் இன்றைக்கும் காட்பாடியில் ஜனங்கள் இறங்குகிறார்கள்.

மலை மேல் வீடு

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். கோடைக்கானலில் ஒரு வீட்டில் குடியிருந்தார். அமெரிக்காவுக்குப் போய்விடவில்லை. இளமையில் எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று ஏங்கினாரோ, அங்கே வீடு தேடவும் இல்லை. தோட்டத்தில் பூச்செடி வைப்பார். டென்னிஸ் ஆடுவதில் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பிரியம். முதுமையிலும் மட்டையைப் பிடித்தார். அடிக்கடி வேலூருக்கும் வந்து போவார்.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய ஒரு கடிதம் அவர் கையில் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். ஊர் இல்லை, தெரு இல்லை. தபால்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது! அந்தக் குடும்பத்தில் இன்னொரு டாக்டர் ஐடா ஸ்கடரும் உண்டு. இவருக்கு உறவினர். அவரும் வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஆகவே வேலூரில் பெரிய ஐடா யார், சின்ன ஐடா யார் என்று சொல்லித்தான் பேச வேண்டியிருந்தது.

1960 மே 24-ந் தேதி கோடைக்கானலில் அம்மையார் காலமானார். வயது 89.

2000-ம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் தபால் இலாகா அவருக்குச் சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. 2019-ல் அவர் பிறந்த ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆயிற்று. 2022-ல் அந்த மாவட்டத்தில் சி.எம்.சி. இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தது. தாது வருஷத்தில் குழந்தைகள் ரொட்டிக்கு வந்து நின்ற அதே ஆற்காட்டுச் சீமையில்.